கரிக்கட்டி இருந்த மேசை

யுன்ஷியாவின் மேசையில் அந்த நிலக்கரிக் கட்டி வந்து உட்கார்ந்து மாதக்கணக்காகிவிட்டது. அந்த அலுவலகத்து வழக்கம் அப்படி. எண்ணெய்க் கிணற்றுக்குள் கருவியை இறக்கி எடுத்த வரைகோடுகளைப் படிக்கப் பழகுகிறவர்களில், கரியை எண்ணெய் என்று சொன்னவர் மேசைக்குக் கட்டி போகும். இன்னொருவர் அதே தப்பைச் செய்யும்வரை நகராது. பயிற்சி முடிகிற அன்று அது யாரிடம் இருக்கிறதோ, அவர் பனிவெளியில் துளை போடும் குழுவுக்குப் போக வேண்டியதுதான். பயிற்சி இன்று மாலை முடிகிறது.

"என்ன யுன்ஷியா, அடுப்பு மூட்டலாமா?" என்பார் மேலாளர் ஃபெங், தினமும். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துத் தொலைப்பாள். அவள் பனிவெளிக்குப் போனால் குழந்தையைத் தன்னோடு ஹார்பினுக்குத் தூக்கிக்கொண்டு போவதாக மாமியார் சொல்லியே விட்டாள்.

சிரிக்காதவன் அவளோடு பயிலும் தோங்ஷுவான் ஒருவன்தான். மதியம், பனியில் உறைந்து கறுத்த பேரிக்காய் ஒன்றை, இளகட்டும் என்று கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு அவள் மேசையில் வைத்தான். கையில் அவனுக்குக் கொடுத்திருந்த கடைசி வரைகோட்டுத் தாள்.

"அக்கா, கொஞ்சம் பாருங்களேன். காமா கதிர் கம்மி, களிமண் இல்ல. மின்தடை அளவு ஏறி நிக்குது, உப்புத்தண்ணியும் இல்ல. எண்ணெய்தானே? அடர்த்தி மட்டும் அதலபாதாளத்துக்குப் போயிருக்கு. அதான் உறுத்துது."

எந்த மணற்கல்லும் அவ்வளவு லேசாக இருக்காது. பார்த்த மாத்திரத்தில் அது கரி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் சூடுபட்டதும் இதே இடத்தில்தான்.

"துளை நிறைய இருக்குற மணல்டா. எண்ணெய்னு எழுதிக் குடு."

"நிஜமாவா அக்கா?"

"கரியைத் தினமும் மூஞ்சிக்கு நேரா வெச்சுப் பாக்குறவ நான். எனக்குத் தெரியாதா?"

அவன் முகம் மலர்ந்தது. தாளை எடுத்துக்கொண்டு ஓடினான். சற்று நேரத்தில் உள்ளறையிலிருந்து ஃபெங்கின் சிரிப்பு கேட்டது. அவரே வந்து, கட்டியை இரண்டு கையாலும் மரியாதையாக ஏந்திக்கொண்டுபோய் அவன் மேசையில் வைத்தார்.

"யாரைக் கேட்டுடா எழுதின?"

தோங்ஷுவான் அவளைப் பார்த்தான். அவள் குழந்தையை நினைத்துக்கொண்டாள்.

"நானாத்தான் சார்" என்றான் அவன்.

எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவள் யுன்ஷியா.

கூட்டம் கலைந்ததும் அவன் அவளிடம் வந்தான். கட்டி இருந்த இடத்துக் கரித்தூளை உள்ளங்கையால் துடைத்தான். கிண்ணத்தை அங்கே நகர்த்தி வைத்தான்.

"இளகிடுச்சு அக்கா. சாப்பிடுங்க."

பேரிக்காயைச் சுற்றியிருந்த பனிக்கூடு உடைந்து மிதந்தது. உள்ளே அது கறுகறுவென்று இருந்தது.