அளவுக் கோட்டின் மேல் ஒரு கோப்பை

வரைபட அலுவலகத்தில் எனக்கு ‘ஸ்கேல் அம்மா’ என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் எனக்குக் காது நன்றாகக் கேட்கும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் முதல் நாளே நான் சொல்லித் தருகிற பாடம் ஒன்று உண்டு. படத்தின் அடியில் ‘ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை மீட்டர்’ என்று எழுதியிருக்கும் எண்ணை நம்பாதே, பக்கத்தில் போட்டிருக்கும் அளவுக் கோட்டை நம்பு. படத்தை ஜெராக்ஸில் சுருக்கினால் கோடும் கூடவே சுருங்கும், பொய் சொல்லாது. எண் மட்டும் பழைய பாட்டையே பாடிக்கொண்டு நிற்கும்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழனிப் பானையில் விழுந்த கதை இனிமேல்தான்.

என் வீட்டுக்காரர் போன பிறகு வீட்டில் பேச்சுத் துணைக்கு இருந்தது குழாய் சொட்டுகிற சத்தம் ஒன்றுதான். அதையும் பிளம்பர் வந்து நிறுத்திவிட்டுப் போனார். ஓய்வு பெற்றதும், வேறு ஊரில் இருக்கும் ஒரே மகள் குட்டியின் பக்கத்தில் குடியேறிவிடுவது என்று முடிவு செய்தேன். அவள் வீட்டுக்குள் போய் உட்காரும் ஆசையெல்லாம் இல்லை. காலையில் செருப்பை மாட்டினால் நடந்தே போய் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஊரின் பெரிய வரைபடத்தைப் பைக்குள் அடங்குகிற மாதிரி நான்கில் ஒரு பங்காகச் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன். தரகர் போனில் சொன்ன வீட்டையும் குட்டியின் வீட்டையும் சிவப்புப் பென்சிலால் குறித்து ஸ்கேல் வைத்தேன். நாலு சென்டிமீட்டர். எண்ணின்படி ஒரு கிலோமீட்டர். போனில் வரைபடம் இல்லையா என்று கேட்காதீர்கள். வாழ்நாளெல்லாம் வரைபடம் வரைந்தவள் போனிடமா வழி கேட்பாள்?

சாமான் கட்ட வந்த குட்டியிடம் படத்தை விரித்துக் காட்டினேன்.

“பாருடி, ஒரே கிலோமீட்டர். தினமும் காபி உன் வீட்லதான்.”

சின்ன வயதில் என் மேஜையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். இப்போதும் அப்படியே குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கையிலிருந்த காபிக் கோப்பையைப் படத்தின் ஓரத்தில் வைத்தாள்.

“நல்லா இருக்கும்மா. அந்த வீட்டையே பேசி முடிச்சிடு” என்றாள்.

குடிவந்த மறுநாள் காலை புதுச் செருப்போடு கிளம்பினேன். கடைத்தெரு முடிந்தது, ரயில்வே கேட் வந்தது, அதுவும் போயிற்று. அவள் தெரு மட்டும் வரவில்லை. முழங்கால் கெஞ்சியது. டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

“அய்யய்யோ, அங்கயா? நடந்தா போறீங்க? பஸ்ஸைப் பிடிங்கம்மா!”

பஸ்ஸில் உட்கார்ந்து படத்தை எடுத்தேன். அடியில் வட்டமாகக் காபிக் கறை. கறைக்குள்ளே அளவுக் கோடு. ஒரு கிலோமீட்டர் என்று போட்டிருந்த கோடு என் சுண்டுவிரல் நகத்தளவு, ஒரு சென்டிமீட்டர்தான் இருந்தது. அப்படியானால் நாலு சென்டிமீட்டர் நாலு கிலோமீட்டர். நானே சுருக்கி, நானே மறந்திருக்கிறேன். ஆசை வந்தால் ஸ்கேல் அம்மாவுக்கும் கண் தெரியாது போலிருக்கிறது.

ஆனால் அந்தக் கறை தானாக வந்து அங்கே உட்காரவில்லை.

கதவைத் திறந்த குட்டி என் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். நான் உள்ளே போகவில்லை.

“உனக்கு அன்னிக்கே தெரியும், இல்ல?”

தலையைக் குனிந்துகொண்டாள். “கோட்டைப் பாத்ததுமே தெரிஞ்சுதும்மா.”

“ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னா நீ நிஜமாவே பக்கத்து வீட்டைப் பிடிச்சிருப்பியே.” அவள் குரல் உடைந்தது. “நீ கிட்ட இருந்தா, கரண்டியைத் தப்பான இடத்துல வெச்சுட்டேனோன்னு தினமும் பயமா இருக்கும்மா. உன்னைப் பிடிக்காம இல்ல. சத்தியமா இல்ல.”

கிட்ட இருந்தால் முட்டப் பகை என்று சும்மாவா சொன்னார்கள்? அவள் சமையலறையில் கரண்டிகள் மாட்டியிருந்த விதம் வாசலில் இருந்தே தெரிந்தது. தப்பான இடம்தான். உள்ளே போனேன், ஆனால் கரண்டிகளைத் தொடவில்லை. அவள் தந்த காபியைக் குடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிக் கிளம்பினேன்.

புது வீட்டில் இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். படத்தில் இருந்த பொய் எண்ணை அடித்துவிட்டுச் சரியான எண்ணை எழுதினேன். அழுகை வந்தது, அழுதேன். யாரும் இல்லாததால் சத்தமாகவே அழுதேன்.

போன் அடித்தது.

“வீட்டுக்குப் போயிட்டியாம்மா? ரொம்ப தூரமா இருந்துச்சா?”

என் ஆயுளில் ஒரு தூரத்தையும் நான் குத்துமதிப்பாகச் சொன்னதில்லை.

“இல்லடி” என்றேன். “பக்கம்தான்.”