பன்னிரண்டாம் பிரஸ் நிற்பதில்லை

மாதேஸ்வரனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் பிரவீனாவுக்கு முதலில் வந்தது பெருமை. இரக்கம் அதற்கப்புறம், அதுவும் சாவகாசமாகத்தான் வந்தது. தான் செய்த பெட்டி சொன்னதை நம்பி ஒரு பெரிய கம்பெனி ஒரு ஆளையே வெளியே அனுப்பியிருக்கிறதே, பெட்டியின் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பா என்று நினைத்தாள். நல்ல பெண்தான், கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. நல்லவர்கள் இப்படி நினைப்பதால்தான் உலகத்தில் பாதி அநியாயம் தடங்கலில்லாமல் நடக்கிறது.

முதலில் அந்தப் பெட்டியின் கதை. ஜூஜுவாடியில் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், டயர்க் கடைக்கு மேல்மாடியில் ராஜசேகர் கம்பெனி நடத்துகிறார். கம்பெனி என்பது அவர் வைத்த பெயர். உள்ளே போனால் நான்கு மேசையும் ஒரு சாமி படமும்தான். ஓசூரில் பிரஸ் ஓட்டும் தொழிற்சாலைகளுக்குப் பெட்டி செய்து விற்பது தொழில். தகட்டை டை என்னும் அச்சில் வைத்து அடித்து வடிவமாக்கும் பிரஸ் எப்போது நிற்கிறது என்று அந்தப் பெட்டி ஆபீஸுக்குச் சொல்லும். பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு. அதில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ் கிடையாது. கரண்ட் போய் வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் பெட்டி விழித்துவிட வேண்டும் என்பது ராஜசேகரின் பிடிவாதம். அதனால் வெறும் போர்டின் மேலேயே பிரவீனா எல்லாவற்றையும் எழுதினாள்.

அந்தப் போர்டில் நெட்வொர்க் கேபிள் செருக இடமில்லை, யூஎஸ்பி மட்டும் உண்டு. யூஎஸ்பியில் ஒரு நெட்வொர்க் அடாப்டரைச் செருகி, அதில் கேபிளை மாட்ட வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் இதைச் செருகினால் தானாக வேலை செய்யும். ஏனென்றால் அதற்காக எங்கேயோ எவரோ ஏற்கெனவே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். இங்கே உடைய வேண்டிய மண்டை பிரவீனாவுடையது. நீ யார், எந்த ஊர்ச் சரக்கு, உன்னிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஒவ்வொரு கேள்வியையும் அவளே எழுதி அடாப்டரிடம் கேட்க வேண்டும். தாலுகா ஆபீஸில்கூட யாரும் இத்தனை பணிவாக நின்றிருக்க மாட்டார்கள். விளக்கு எரியும், ஒரு செய்தியும் போகாது. ஒரு மழைக்காலம் முழுக்க இப்படியே கழிந்து, கடைசியில் அது வாயைத் திறந்தது.

திறந்தும் ஒரு குறை இருந்தது. அடிக்கடி பேசச் சொன்னால் மூச்சு முட்டி நின்றுவிடும். அதற்கு ராஜசேகர்தான் வழி சொன்னார். பிரஸ் நின்றால் மட்டும் பெட்டி பேசட்டும், ஒழுங்காக ஓடும்போது பேச என்ன இருக்கிறது என்றார். அவளும் அப்படியே செய்தாள். செய்தி வந்தால் ஆபீஸ் திரையில் அந்த பிரஸ் சிவப்பு, வராவிட்டால் பச்சை.

பெட்டிகளுக்குப் பெயர் வைப்பதிலும் அவளுக்கு ஒரு சுலப வழி கிடைத்தது. ஒவ்வொரு அடாப்டருக்குள்ளும் அதைச் செய்தவர்கள் ஓர் எண்ணைப் பதித்திருப்பார்கள். உலகத்தில் இரண்டு அடாப்டருக்கு ஒரே எண் வரக்கூடாது என்பது விதி. அந்த எண்ணையே பெட்டியின் பெயராக்கிவிட்டாள். இந்த எண் வந்தால் ஏழாம் பிரஸ், அந்த எண் வந்தால் எட்டாம் பிரஸ். இவை எல்லாவற்றையும் மேசையில் ஒரே ஓர் அடாப்டரை வைத்துத்தான் சோதித்தாள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோற்றுக்கு அது சரி.

சிப்காட் தொழிற்பேட்டையில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி பெட்டிகளை வாங்கியது. அங்கே ஏழாம் பிரஸ்ஸில் இருந்த காண்ட்ராக்ட் ஆள்தான் மாதேஸ்வரன். கேபிள் இழுக்க எட்டாமல் பிரவீனா தவித்தபோது, தான் உட்காரும் ஸ்டூலைத் துடைத்து அவள் ஏறுவதற்குப் போட்டவர். இது எங்களுக்கு நல்லதா கெட்டதா என்று அவர் கேட்டார். ஒழுங்காக ஓட்டுகிறவர்களுக்கு நல்லதுதான் என்று ஸ்டூல் மேலிருந்தபடியே பிரவீனா சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டார்.

சில மாதம் கழித்து ஏழாம் பிரஸ் திரையில் சிவந்துகொண்டே இருந்தது. என் மிஷின் நிற்கவே இல்லை என்று மாதேஸ்வரன் சூப்பர்வைசரிடம் சொன்னார், காண்ட்ராக்டரிடம் சொன்னார், ஹெச்.ஆர். பிரேம்குமாரிடமும் போய்ச் சொன்னார். மனிதன் பொய் சொல்வான், மெஷின் சொல்லாது என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பெருமை பிரவீனாவுக்கு மாம்பழ சீசன் வரைக்கும் நீடித்தது. பிறகு வேறொரு கம்பெனிக்குப் பெட்டி செய்தபோது, முதல்முறையாக இரண்டு அடாப்டர்களைச் சேர்த்து மேசையில் செருகினாள். ராஜசேகர் பெங்களூர் மார்க்கெட்டில் மலிவாக அள்ளிவந்த பொட்டலத்துச் சரக்கு. இரண்டு பெட்டி ஓடியது, திரையில் ஒரு பெயர்தான் வந்தது. பொட்டலத்தில் மீதியிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அத்தனைக்கும் ஒரே எண். செய்தவன் எவனோ, ஆளுக்கொரு எண் பதிக்கச் சோம்பல்பட்டிருக்கிறான்.

சிப்காட் கம்பெனியின் ஆட்களிடம் போனில் விசாரித்தாள். அந்தப் பொட்டலத்து அடாப்டர்தான் ஏழாம் பிரஸ்ஸில் இருந்தது. பன்னிரண்டாம் பிரஸ்ஸில் எண்ணெய் இறங்கி அடாப்டர் கெட்டபோது, ராஜசேகர் கொடுத்துவைத்த உபரியிலிருந்து கம்பெனி ஆட்களே ஒன்றை எடுத்து மாட்டியிருந்தார்கள். அதுவும் அதே பொட்டலம். விளக்கு எரிந்தது, அதன் பழைய எண்ணில் செய்தியே வராததால் திரையில் பன்னிரண்டு பச்சையாக இருந்தது, வேறென்ன வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆக, பன்னிரண்டு நின்ற போதெல்லாம் ஏழு சிவந்திருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ராஜசேகரிடம் சொன்னாள். அவர் சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"போர்டோட நம்பரையே பேரா வச்சுடு. போய் எல்லாப் பெட்டியிலயும் புதுசு ஏத்திட்டு வா. ஏன்னு கேட்டா அப்டேட்டுன்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத."

புதுசை ஏற்றினாள். வாயை மூடிக்கொண்டு திரும்பத்தான் அவளால் முடியவில்லை. அந்த ஸ்டூல் இன்னும் ஏழாம் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் இருந்தது. யாரோ புது ஆள் அதில் உட்கார்ந்திருந்தான். நேராக பிரேம்குமாரின் அறைக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டாள். வேலை போனாலும் போகட்டும் என்ற துணிச்சலோடுதான் சொன்னாள், அதை மறுக்க முடியாது.

பிரேம்குமார் கோபப்படவே இல்லை. காபி வரவழைத்தார். கவனமாகக் கேட்டுவிட்டு, அந்த நிறுத்தங்களில் எது ஏழு, எது பன்னிரண்டு என்று பிரித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார். முடியும். ஒவ்வொரு செய்தியோடும் பெட்டி, பிரஸ் அதுவரை எத்தனை முறை அடித்தது என்ற எண்ணிக்கையையும் அனுப்பும். இரண்டு பிரஸ்ஸுக்கும் எண்ணிக்கை வேறு வேறு, அதை வைத்துப் பிரித்துவிடலாம். கேட்டதும் செய்துகாட்டுவதுதானே படித்த பிள்ளைக்கு அழகு? அங்கேயே உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தாள். ஏழாம் பிரஸ் கிட்டத்தட்ட நிற்கவே இல்லை. நின்றதெல்லாம் பன்னிரண்டு. அதை ஓட்டியவள் ஜோதிமணி. நிறுத்தாமல் ஓட்டுகிறவள் என்று அவள் படம் சிறந்த ஆபரேட்டராக நோட்டீஸ் போர்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாதேஸ்வரனைத் திரும்பக் கூப்பிடுவீர்களா என்று பிரவீனா கேட்டாள். அந்த இடத்துக்கு ஆள் வந்தாயிற்றேம்மா என்றார் பிரேம்குமார், வருத்தமாகவே. மற்றபடி நீ சொன்னது ரொம்ப உபயோகம் என்று வாசல்வரை வந்து அனுப்பினார்.

வேலை கிடைக்காவிட்டாலும் பெயராவது சுத்தமானதே என்று அன்று சாயங்காலம் மாதேஸ்வரனுக்குப் போன் செய்தாள். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் யூனிட் ஒன்றில் கூடை இறக்கிக்கொண்டிருந்தார். பின்னால் லாரிச் சத்தம். அவள் விளக்கியதை முழுக்கக் கேட்டார்.

"மறுபடி வேலைக்குக் கூப்புடுறாங்களா மேடம்?"

"இல்லீங்கண்ணா. ஆனா தப்பு உங்க மேல இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு."

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்களே." யாரையோ கூடையைப் பிடிக்கச் சொன்னார். "அப்ப நிறுத்துனது யாருன்னு சொன்னீங்க?"

ஜோதிமணி என்று அவள் சொன்னாள்.

"ஐயோ, அந்தப் புள்ளையா? அந்த மிசின்ல பீஸு டையிலயே ஒட்டிக்குமுங்க. நிறுத்தாம எடுத்தா கை போயிடும். முன்னாடி ஓட்டுனவருக்கு ரெண்டு வெரலு இல்ல. அதச் சொன்னீங்களா அவங்ககிட்ட?"

சொல்லவில்லை. பிரவீனாவுக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு? பெட்டி நின்றதைச் சொல்லும், ஏன் நின்றது என்று சொல்லாது. அப்படி ஒரு கேள்வியை அதற்குள் எழுதிவைக்க அவளுக்கும் தோன்றவில்லை, அவளிடம் கேட்டவரும் இல்லை.

மறுநாள் காலை ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு சிப்காட்டுக்குப் போனாள். கேட்டில் ஜோதிமணி எதிரே வந்தாள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் நோட்டீஸ் போர்டிலிருந்து கழற்றிக் கொடுத்த படம். படத்தில் சிரித்திருந்தாள். பிரவீனாவைப் பெட்டி மாட்ட வந்த மேடம் என்று அவளுக்கு அடையாளம் தெரிந்தது, வேறொன்றும் தெரியாது. கம்பெனி பஸ் இனி ஏற்றாது, டவுன் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும் என்று அவளாகவே சொன்னாள். ஏன் என்று பிரவீனா கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"ரொம்ப நிறுத்துறேன்னு அனுப்பிட்டாங்க மேடம். நிறுத்திட்டுத்தான் கை உடணும்னு செவுத்துல பெருசா எழுதிப் போட்டிருக்காங்க. நான் அதப் பாத்துத்தான் நிறுத்துனேன். போட்டோ மாட்டுனாங்களே, அதுவே, இந்தப் புள்ள பாத்துப் பதனமா ஓட்டுதுன்னு குடுக்குறாங்கன்னு நெனச்சேங்க."

பிரவீனா உள்ளே ஓடினாள். பிரேம்குமாரிடம் டை ஒட்டுவதைச் சொன்னாள், விரலைச் சொன்னாள், சுவரில் எழுதியிருப்பதையும் சொன்னாள். நேற்று மாதிரியே பொறுமையாகக் கேட்டார். டை விஷயத்தை அச்சுகளைப் பழுதுபார்க்கும் டூல் ரூம் பார்த்துக்கொள்ளும், ஆள் விஷயம் முடிந்துவிட்டது, உங்கள் கம்பெனி பெட்டியோடு நின்றுகொண்டால் எல்லோருக்கும் நல்லது என்றார். இந்த முறை காபி வரவில்லை. கிணறு வெட்டப் போனவள் பூதத்தைக் கிளப்பிவிட்டு வெளியே வந்தாள். ஒருவர் வேலையை மீட்கப் போய் இரண்டு பேர் வெளியே நின்றதுதான் கண்ட பலன்.

ராஜசேகருக்கும் விஷயம் போனது. திட்டுவார் என்று நினைத்தாள், அவர் சிரித்தார். தப்பை நாமே போய் ஒத்துக்கொண்டதில் அந்தக் கம்பெனிக்கு நம் மேல் நம்பிக்கை கூடிவிட்டதாம். அடுத்த ஷெட்டுக்கும் பெட்டி கேட்கிறார்களாம். வேலையை விடலாம் என்று நினைத்தாள், விடவில்லை. வீட்டில் அவள் சம்பளம்தான் சம்பளம்.

இப்போது ஏழும் பன்னிரண்டும் இருக்கும் பழைய ஷெட்டின் திரை அவள் மேசையிலும் தெரிகிறது. புதுப் புரோகிராமில், இங்கிருந்தே ஒரு பெட்டியைக் கூப்பிட்டுப் பேச வழி செய்திருந்தாள். ஒரு வாரமாக அவள் கண் பன்னிரண்டிலேயே இருந்தது. அதை ஓட்டுவது புது ஆள், யாரென்று தெரியாது. காலையில் பச்சை, மத்தியானம் பச்சை, ஷிப்ட் மாறும்போதும் பச்சை. டூல் ரூமுக்குப் போன் செய்து கேட்டாள். டையைக் கழற்றவே இல்லை, ஆர்டர் நெருக்கடி முடியட்டும் என்றார்கள்.

அப்படியானால் பீஸ் இன்னும் ஒட்டுகிறது. ஒட்டினால் கையை விடுவதற்கு முன் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் சிவக்க வேண்டும். மறுபடி அடாப்டரில் எண்ணெய் இறங்கியிருக்கும் என்று நினைத்தாள். இறங்கியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். பேச வைப்பதற்காக ஒரு மழைக்காலம் முழுக்கத் தலைகீழாக நின்றவள், அது ஊமையாகிப்போயிருக்க வேண்டும் என்று அன்று சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பன்னிரண்டைக் கூப்பிட்டாள். உடனே பதில் வந்தது. போர்டின் எண் சரி, அடாப்டர் சரி, கேபிள் சரி. கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட்டாள். அதே பதில்தான், அடித்த எண்ணிக்கை மட்டும் ஏறியிருந்தது. பின்னால் வந்து நின்ற ராஜசேகர் திரையை எட்டிப் பார்த்தார்.

"பாரு, ஒரு தடவகூட நிக்கல. இப்பத்தான் நம்ம பெட்டி ஒழுங்கா வேலை செய்யுது," என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. பிரவீனா இன்னொரு முறை கூப்பிட்டாள். எண்ணிக்கை மறுபடி ஏறியிருந்தது.