முன்னால் முப்பது, பின்னால் முப்பத்தைந்து

“முப்பது போட்டா அது டயராடா? ரிம்முக்கு ரிப்பன் கட்டின மாதிரி இருக்கும்.”

“முப்பத்தஞ்சு போட்டா வண்டி ஸ்டூல் மேல ஏறி நிக்கும். திருப்பும்போதெல்லாம் பாடியில உரசும். அது பரவாயில்லையா உனக்கு?”

“உரசட்டும். பாக்கக் கும்முனு இருக்கும்ல?”

“கும்முனு இருக்கணும்னா நாலு தலகாணியைக் கட்டிக்கிட்டு ஓட்டு.”

டயர்க்கடை வாசலில் அண்ணனும் தம்பியும் இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது நான் என் ஸ்கூட்டருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தேன். காற்று அதில் ஏற்கெனவே இருந்தது. ஆனாலும் எதிர்வீட்டுச் சண்டை தெருமுனைக் கடைவரை வந்துவிட்ட பிறகு, நாமும் கூட வராவிட்டால் நன்றாக இருக்காது.

சண்டை ஒரு சிவப்புக் காரைப் பற்றியது. பதினோரு வயதான ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே கதவு, தரையோடு தரையாகக் கிடக்கும். அண்ணனும் தம்பியும் பங்கு போட்டு வாங்கியது. பெரியவன் மருந்துக்கடை வைத்திருக்கிறான். வயது முப்பத்தேழு, தலையில் முடி கொஞ்சம், மனதில் ஆசை நிறைய. சின்னவன் லிஃப்ட் மெக்கானிக். பல் சக்கரத்தைப் பார்த்தால்தான் முகத்தில் சிரிப்பு வரும். பழைய பதினேழு இஞ்ச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பளபளவென்று பத்தொன்பது இஞ்ச் சக்கரம் நான்கு வாங்கிவிட்டார்கள். அதுவரைக்கும் ஒற்றுமைதான். அதற்கு எந்த டயர் போடுவது என்பதில்தான் வீடு இரண்டானது.

இரண்டாகப் பிரிவது அந்த வீட்டுக்குப் புதிதல்ல. இவர்களுடைய அம்மாவை நாங்கள் தராசு அம்மா என்போம். அவர் முன்னால் அல்ல. பிள்ளைகள் தொட்டில் பருவத்திலிருந்தே எதற்குச் சண்டை போட்டாலும் அவர் தீர்ப்பு ஒன்றுதான்: பாதி பாதி. வீட்டு முன்சுவருக்கு மஞ்சளா நீலமா என்று சண்டை வந்தது. இடது பாதி மஞ்சள், வலது பாதி நீலம், கோடு சரியாக அழைப்பு மணியின் நடுவில் இறங்குகிறது. பூனைக்கு இரண்டு பெயர், முற்பகலுக்கு ஒன்று, பிற்பகலுக்கு ஒன்று. எதற்கும் அது திரும்பிப் பார்ப்பதில்லை. மருந்துக்கடையில் மாத்திரையைப் பாதியாக உடைக்கும் நேர்த்தி பெரியவனுக்குப் படிப்பால் வந்தது என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

தராசு அம்மா கையில் பையோடு கடைக்கே வந்துவிட்டார். “என்ன சத்தம்? தெரு பூரா கேக்குது,” என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் டயரை அமுக்கிப் பார்த்தேன்.

டயர்க்காரர் பொறுமைசாலி. மஞ்சள் சாக்பீஸை எடுத்துச் சிமென்ட் தரையில் எழுதிக் காட்டினார். “இங்க பாருங்கம்மா. டயர் அகலம் இருநூத்தி அம்பத்தஞ்சு மில்லிமீட்டர். அதுல ரெண்டு பேருக்கும் தகராறு இல்ல. பக்கத்துல வர்ற நம்பர்தான் தகராறு. முப்பதுன்னா, அகலத்துல நூத்துக்கு முப்பது பங்கு டயரோட உயரம். முப்பத்தஞ்சுன்னா முப்பத்தஞ்சு பங்கு. சக்கரம் பெருசாகும்போது டயர் மெலிசாகணும். அப்பத்தான் மொத்த உயரம் பழையபடி வரும். கம்பெனி குடுத்தது அறுநூத்தி முப்பத்துநாலு. முப்பது போட்டா அறுநூத்தி முப்பத்தாறு. முப்பத்தஞ்சு போட்டா அறுநூத்தி அறுபத்தொண்ணு.”

“அப்ப நான் சொன்னதுதான் சரி,” என்றான் சின்னவன்.

“சரின்னு யாருடா இல்லன்னது? அழகா இருக்கான்னுதான் கேட்டேன்,” என்றான் பெரியவன்.

பெரியவனுக்கு அழகு தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. கடைத்தெருப் பல் டாக்டரம்மாவிடம் ஒரு பல்லுக்காகப் போய், பிறகு வலியே இல்லாத மூன்று பற்களுக்காகவும் போய் வந்திருந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் காரில் அணைக்கட்டுவரை அழைத்துப்போவது, அங்கே வைத்துக் கேட்டுவிடுவது என்று ஏற்பாடு. முப்பத்தேழு வயதில் இப்படி ஒரு ஞாயிறு திரும்ப வாய்க்கும் என்று அவனே நினைக்கவில்லை.

தராசு அம்மா சாக்பீஸ் கணக்கை நீதிபதி மாதிரி முழுவதும் பார்த்தார். பிறகு சொன்னார்: “ரெண்டு பேர் பேசறதுலயும் ஞாயம் இருக்கு. முன்னாடி ரெண்டும் சின்னவன் சொன்ன முப்பது. பின்னாடி ரெண்டும் பெரியவன் சொன்ன முப்பத்தஞ்சு. போட்டுடுங்க.”

டயர்க்காரர் சாக்பீஸைக் கீழே வைத்தார். “அம்மா, இது நாலு சக்கரமும் சேந்து இழுக்கற வண்டி. முன்னாடி ரெண்டையும் பின்னாடி ரெண்டையும் கூட்டி வைக்க நடுவுல ஒரு பெட்டி இருக்கு. சின்ன டயர் வேகமா சுத்தும், பெரிய டயர் மெதுவா சுத்தும். அவங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தா நடுவுல இருக்கறது வெந்து போயிடும்.”

“நடுவுல இருக்கறது வேகறது எனக்குப் பழக்கந்தான்,” என்றார் தராசு அம்மா.

“உங்களுக்குப் பழக்கம். வண்டிக்கு இல்ல. நான் போட மாட்டேன்மா.”

இந்த இடத்தில்தான் அந்த வீட்டுக்காரர்களால் மட்டுமே செய்ய முடிந்த காரியத்தைச் செய்தார்கள். “சரிப்பா, முன்னாடி ரெண்டை மட்டும் போட்டுக் குடு, பின்னாடி அப்புறம் பாத்துக்கலாம்,” என்று நல்ல பிள்ளை மாதிரி சொல்லிவிட்டு, மாலையே அடுத்த தெருவில் இருக்கும் இன்னொரு கடைக்கு வண்டியை விட்டார்கள். அந்தக் கடைக்காரர் கேட்டதை மாட்டுகிறவர், கேள்வி கேட்பவர் அல்ல. டயரில் மட்டுமல்ல, டயர்க்கடையிலும் பாதி பாதி. சின்னவன் மட்டும் இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. பெரியவனுக்கு அந்தக் கோபம் இல்லை. பாதியாவது ஜெயித்தோமே என்ற திருப்தி.

நின்றபோது கார் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பின்பக்கம் சற்றே தூக்கி, எதையோ தேடிக் குனிந்த மாதிரி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பினார்கள். மாலை இருட்டுவதற்குள் கார் ஒரு இழுவை லாரியின் முதுகில் படுத்துக்கொண்டு திரும்பி வந்தது. பின்னால் ஆட்டோவில் பெரியவன், தனியாக. முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்க முடியவில்லை. ஆனாலும் கேட்டேன்; ஆட்டோக்காரருக்குக் காசைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

என்ன நடந்தது என்று தெரியாமல் மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் கடைவாய்ப் பல்லில் ஏதோ கூச்சம் மாதிரி இருந்தது. டாக்டரம்மாவிடம் போனேன். அவரும் மனதில் அடைத்து வைத்திருந்தார் போலிருக்கிறது. என் வாயைப் பிளக்க வைத்து, பஞ்சு இரண்டை உள்ளே திணித்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். ஒரு குறுக்குக் கேள்வி கேட்க முடியவில்லை. வாழ்நாளில் அப்படி ஒரு வேதனை பட்டதில்லை.

மேட்டுப் பாதையில் நாற்பது நிமிடம் போனதும் காரின் அடியில் முனகல். பிறகு கருகல் வாடை. ஒரு மஞ்சள் விளக்கு, பிறகு ஒரு சிவப்பு விளக்கு, பிறகு நின்றுவிட்டது. பெரியவன் இறங்கி, தெரிந்தவன் மாதிரி இஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தான். டாக்டரம்மா இறங்கி டயர்களைப் பார்த்தார்.

“முன்னாடி முப்பதுன்னு இருக்கு. பின்னாடி முப்பத்தஞ்சுன்னு இருக்கு. ஏன்?”

மூடியை மூடிவிட்டு அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பொய் சொல்லத் தெரியாத பையன்தான்.

“எவ்வளவு வித்தியாசம்?”

“பக்கத்துக்குப் பதிமூணு மில்லிமீட்டர்.”

“நான் அடைச்ச பல்லு கால் மில்லிமீட்டர் உசந்து போனாலே மறுநாள் தாடை வலிக்குதுன்னு வந்து நிக்கறாங்க. நீங்க பதிமூணு வெச்சுக்கிட்டு மலையேற வந்திருக்கீங்க.”

அவன் தலையைச் சொறிந்தான். வேறொருவனாக இருந்தால் அன்றைக்கு வாயைத் திறந்திருக்க மாட்டான். இவனோ, லாரி வர ஒரு மணி நேரம் ஆகும் என்று தெரிந்ததும், வந்த காரியத்தைக் கேட்டே விட்டான்.

டாக்டரம்மா டயர் எண்களை இன்னொரு தடவை பார்த்தார். “கல்யாணம் பண்ணிக்கிட்டா எங்க இருப்போம்?” என்றார்.

“அதெல்லாம் அம்மாகிட்டப் பேசிட்டேன். வாரத்துல மூணரை நாள் உங்க வீடு, மூணரை நாள் எங்க வீடு.”

“அந்த அரை நாள்?”

“புதன்கிழமை மதியத்தோட மாறிக்கலாம்.”

இதைச் சொல்லும்போது டாக்டரம்மாவின் கையிலிருந்த கருவி என் வாய்க்குள் நின்றுவிட்டது. சிரிக்கிறாரா, கோபமா என்று முகமூடியில் தெரியவில்லை. “நான் என்ன சொன்னேன் தெரியுமா?” என்றார். “நாலு டயரும் ஒரே நம்பரா இருக்கற அன்னைக்கு வாங்க, பதில் சொல்றேன்னேன். எந்த நம்பர்னு எனக்குக் கவலை இல்ல. வாயைக் கொப்பளிங்க.”

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாராம்.

பதில் கிடைக்க ஒரு வழிதான் இருந்தது: நான்கும் ஒன்றாக வேண்டும். ஒன்றாக வேண்டுமென்றால் ஒருவன் முழுதாகத் தோற்க வேண்டும். அந்த வீட்டில் அப்படி ஒரு சம்பவம் அதுவரை நடந்ததில்லை. பெரியவன் பத்து நாள் தாங்கினான். மருந்துக்கடையில் இருமலுக்குப் போனவரிடம் கண் சொட்டு மருந்தைக் கொடுத்தனுப்பினான். பதினோராம் நாள் காலை எதிர்வீட்டு முன்னறையில் சத்தம் கேட்டது. நான் ஜன்னலோரச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

“அம்மா, டயரை மாத்தணும்.”

“மாத்து. நான் யோசிச்சு வெச்சிருக்கேன்,” என்றார் தராசு அம்மா. “முன்னாடி பின்னாடின்னு பிரிச்சதுதான் தப்பு. இடது பக்கம் ரெண்டும் உன்னுது, வலது பக்கம் ரெண்டும் அவனுது.”

உள்ளேயிருந்து சின்னவன் ஒரு சத்தம் போட்டான்; பேச்சு பிறகுதான் வந்தது. “வண்டி சாஞ்சுக்கிட்டே போகும்மா. உள்ள இருக்கற எல்லாப் பெட்டியும் வெந்துடும்.”

“அப்ப குறுக்கால போடு. முன்னாடி இடது, பின்னாடி வலது.”

“வேணாம்மா,” என்றான் பெரியவன். குரல் மெல்லியதாகத்தான் இருந்தது. நான் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டியிருந்தது. “நாலும் தம்பி சொன்னதுதான். முப்பது. அவன் சொன்னதுதான் சரி. அன்னைக்கே எனக்குத் தெரியும்.”

“அப்ப உன் பாதி?”

“எனக்குப் பாதி வேணாம்.”

பாத்திரம் ஒன்றை நங்கென்று வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு தராசு அம்மா, “பெரியவன் ஏமாந்துட்டான்னு ஊர் என்னைத்தானே பேசும்,” என்றார். ஊர் என்று சொல்லும்போது எங்கள் ஜன்னல் பக்கம் பார்த்தாரா என்று தெரியவில்லை. நான் செடிக்குப் பின்னால் இருந்தேன். செடி நீரில் மிதந்துகொண்டிருந்தது.

சின்னவன் வெளியே வந்து காரைச் சுற்றி ஒரு நடை நடந்தான். ஆசைப்பட்டதெல்லாம் முழுதாகக் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் உள்ளே போய், “வேணும்னா வண்டிக்குக் கலர் நீ சொல்றதே அடிச்சுக்கலாம்ணா,” என்றான். அண்ணன் வேண்டாம் என்றான்.

நடுப்பெட்டியைச் சின்னவனே கழற்றி மாற்றினான். டயர்க்காரர் பின்னாலும் முப்பது எண் டயர் இரண்டை மாட்டினார். முன்பு ஏமாற்றியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மஞ்சள் சாக்பீஸால் நான்கு டயரிலும் ஒவ்வொரு டிக் மட்டும் போட்டார்.

பெரியவன் அதே சாக்பீஸ் குறியோடு வண்டியைப் பல் டாக்டர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். டாக்டரம்மா கையுறையைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்தார். வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடி கையிலேயே இருந்தது. குந்தி உட்கார்ந்து, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நான்கு டயரின் எண்ணையும் படித்தார். எழுந்தார்.

“அப்ப புதன்கிழமை மதியம் எங்கயும் மாற வேண்டாம்ல?” என்றார்.

“வேண்டாம்.”

“சரி,” என்றார். உள்ளே ஒருவர் வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டிருந்தார். நான்தான். என் கூச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

நான்கு மாதத்தில் கல்யாணம் நடந்தது. பெரியவன் டாக்டரம்மாவோடு ஊரின் மறுகோடியில் வாடகைக்குப் போய்விட்டான். வாரத்துக்கு ஏழு நாளும் அங்கேதான். காரில் தன் பங்கையும் தம்பிக்கே கொடுத்துவிட்டான். சின்னவனை லிஃப்ட் கம்பெனி பக்கத்து நகரத்துக்கு மாற்றியது. சிவப்புக் காரோடு போனான், இன்னும் தனி ஆள்தான். எதிர்வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வந்து, ஒரே நாளில் சுவர் முழுவதும் வெள்ளை அடித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை.

தராசு அம்மா மாதத்தில் பாதி மூத்தவன் வீட்டில், பாதி சின்னவன் வீட்டில். ஆள் மாற்றிக்கொள்ளும் இடம் டயர்க்கடை. இரண்டு வீட்டுக்கும் அது நடுவில் என்று அவரே அளந்து சொல்லிவிட்டார். முப்பத்தொரு நாள் உள்ள மாதங்களில் பதினாறாம் தேதி நண்பகல் சரியாகப் பன்னிரண்டுக்குப் பையோடு அங்கே நிற்பார். அந்த நேரம் பார்த்து என் ஸ்கூட்டரிலும் காற்று குறைந்துவிடுகிறது.