இரண்டாம் மேடையின் மூக்கு

ஜூன் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறு ஐம்பதுக்கு, பால் குளிரூட்டும் நிலையத்தின் இரண்டாம் இறக்குமேடையிலிருந்து இருபத்துமூன்று கேன் பால் கெட்டுவிட்டதென்று திருப்பி அனுப்பப்பட்டது. இருபத்துமூன்றிலும் இருந்தது நல்ல பால்.

திருப்பி அனுப்பியவரை நிலையத்தில் எல்லோரும் மூக்கண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாக அந்த மேடையில் அவருக்கு முகர்ந்து பார்ப்பதே வேலை. லாரியிலிருந்து கேன் இறங்கும். மூடியைத் திறந்து அதன் உட்புறத்தை மூக்கருகே கொண்டுபோக வேண்டும். வாடை பாலில் இருப்பதைவிட மூடிக்கு அடியில்தான் அதிகம் அடைந்து கிடக்கும். புளிப்பு, வெங்காயத் தாள் தின்ற மாட்டின் பால், மண்ணெண்ணெய் பட்ட கை, சரியாகக் கழுவாத கேன், எதுவானாலும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். நல்லதென்றால் தலையசைப்பு. இல்லையென்றால் கேனின் தோளில் சிவப்புச் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறியை எதிர்த்து எந்த லாரிக்காரரும் வாய் திறந்ததில்லை.

பதினான்கு மாதமாக அந்த மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த விஷயம் தன்னைத் தவிர ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

சளி என்றுதான் முதலில் நினைத்தார். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டார். பத்து நிமிடம் மூக்கு திறக்கும். பிறகு முன்னைவிட இறுக்கமாக அடைத்துக்கொள்ளும். நாளுக்கு ஒருமுறை போட்டது நாலுமுறை ஆனது. பேச்சு குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஆயிற்று. நெற்றிக்குள் யாரோ ஈரத்துணியைத் திணித்துவைத்த மாதிரி ஒரு கனம். மருத்துவரிடம் போனால் சீட்டு எழுதுவார். சீட்டு நிலையத்துக்கு வரும். மூக்கு போன மூக்கண்ணனை அங்கே யார் வைத்திருப்பார்கள்?

அதனால் அவர் வேறொரு வழி கண்டுபிடித்தார். கேன்களைத் திறந்துவிடும் இறக்குகூலிக்குப் பூட்டு என்று பெயர். நாளெல்லாம் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத ஆள். ஆனால் வாய் பேசாததை எல்லாம் அவர் முகம் பேசிவிடும். மூடி திறந்ததும் கெட்ட வாடை அடித்தால் இடது கன்னம் சுருங்கும், கண் இடுங்கும். மூக்கண்ணன் மூடியை முகர்வதுபோல் உயர்த்தி, அதன் விளிம்புக்கு மேலாகப் பூட்டின் கன்னத்தைப் பார்ப்பார். கன்னம் சுருங்கினால் சிவப்புக் குறி. பதினான்கு மாதம் வண்டி இப்படியே ஓடியது.

அந்தத் திங்கட்கிழமை பூட்டின் கன்னம் முதல் கேனிலிருந்தே சுருங்கியது.

"என்னண்ணே, அத்தனையுமா?" என்றார் லாரிக்காரர். "விடியக்காலைல கறந்தது. என் கண் முன்னாடி ஊத்தினாங்க."

"உன் கண்ணா முகர்ந்து பார்க்குது?" என்றார் மூக்கண்ணன்.

லாரிக்காரர் நேராக ஆய்வகத்துக்குப் போனார். அங்கே வேலை பார்த்தது மூக்கண்ணனின் மனைவியுடைய தம்பி. பாலும் சாராயமும் சம அளவு கலந்து குலுக்கினால் புளித்த பால் திரிந்துவிடும். மைத்துனன் இருபத்துமூன்று குழாய் குலுக்கினான். ஒன்றுகூடத் திரியவில்லை.

மேலாளர் மூக்கண்ணனையும் மைத்துனனையும் கூப்பிட்டார். மைத்துனன் முந்திக்கொண்டான். "சார், சாராயம் பழைய புட்டி. என் சோதனைதான் தப்பா இருக்கும். மாமா மூக்கு தப்பாது."

மேலாளர் அதை நம்பி இருவரையும் அனுப்பிவைத்தார். மூக்கண்ணனால்தான் நம்ப முடியவில்லை. இவன் ஏன் எனக்காகப் பழியை வாங்கிக்கொள்கிறான்?

மைத்துனன் மேல் அவருக்குக் கொஞ்ச நாளாகவே சந்தேகம். அவர் தலையசைத்து உள்ளே அனுப்பிய கேன்களில் அவன் கரண்டி விட்டு அள்ளுவதை மூன்று முறை பார்த்திருந்தார். அள்ளியதும் வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்து எழுதுவான். அவர் திரும்பினால் நோட்டு பைக்குள் போய்விடும். கேட்டால், "சும்மா மாமா, கணக்குக்கு" என்பான். என்ன கணக்கு? மேடைக்காரரின் சம்பளம் ஆய்வக உதவியாளனைவிடக் கூடுதல். எனக்குக் குழி தோண்டிவிட்டு, ஆழம் சரியாக இருக்கிறதா என்று அளந்து எழுதுகிறான் என்று தீர்மானித்துக்கொண்டார்.

முகத்தைச் சுருக்கச் சொல்லிப் பூட்டையும் அவன் ஏவிவிட்டிருக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் பூட்டை மடக்கினார்.

"காலைல எதுக்குய்யா அப்படி மூஞ்சிய வச்சுக்கிட்ட? யார் சொல்லிக் கொடுத்தா?"

பூட்டு வாயைத் திறந்து காட்டினார். கடைவாய்ப் பல்லுக்குக் கீழே ஈறு கொழுக்கட்டை அளவுக்கு வீங்கியிருந்தது.

"பல்லு," என்றார் பூட்டு. அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை.

மூக்கண்ணன் உள்ளே குனிந்து, வீக்கம் நிஜமா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

வீட்டுக்குப் போனபோது மனைவி வாசற்படியிலேயே செருப்போடு நின்றாள். "காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட நாலு மணிக்கு எழுதி வச்சிருக்கேன். கிளம்புங்க."

"எனக்கென்ன? நல்லாத்தானே இருக்கேன்."

"ஏங்க, நமக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து காய்ஞ்ச துணில ஈர வாடை, தண்ணில பாசி வாடை, தலையணைல எண்ணெய் வாடைன்னு ஒருநாள் விடாம குறை சொல்லுவீங்க. போன வருஷம் திடீர்னு நின்னு போச்சு. நானும் முதல்ல திருந்திட்டீங்கன்னுதான் நினைச்சேன்."

"உன் தம்பி சொன்னானா?"

"நான்தான் அவனுக்குச் சொன்னேன்."

என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துவிடவே மூக்கண்ணன் அவளோடு கிளம்பினார். அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தும் நாடகம் என்பது இப்போது ஊர்ஜிதமாயிற்று.

மருத்துவர் நாற்பது வயதுப் பெண். "எத்தனை நாளா வாசனை தெரியல?" என்றார்.

"ஒரு வாரமா," என்றார் மூக்கண்ணன்.

"பதினாலு மாசம்," என்றாள் மனைவி.

மருத்துவர் மனைவி சொன்னதையே எழுதிக்கொண்டார். மூக்குக்குள் மரத்துப்போக மருந்து அடித்துவிட்டு, முனையில் விளக்கு வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டார். சுவரில் இருந்த திரையில் சிவந்த குகை ஒன்று தெரிந்தது. அதன் கூரையிலிருந்து, தோலுரித்த நுங்கு போல, வெளிறிய சதைகள் தொங்கின.

"இதான் பாலிப். மூக்குச் சதைன்னு சொல்லுவாங்க. புத்துநோய் மாதிரித் தெரியல, பயப்படாதீங்க. ரெண்டு பக்கமும் அடைச்சுக்கிட்டிருக்கு. வாசனை மேல ஏறவே வழியில்ல."

மூக்கண்ணன் திரையை ஏற இறங்கப் பார்த்தார். "இது யாரோட மூக்கு?"

"உங்களோடதுதான்."

"எப்படி நம்பறது?"

"லேசா மூச்சை இழுங்க."

இழுத்தார். திரையில் சதை உள்ளே ஆடியது. விட்டார். வெளியே ஆடியது. மூச்சை அடக்கினார், நின்றது. எதிர்பாராத நேரத்தில் சட்டென்று உறிஞ்சிப் பார்த்தார். அதுவும் சட்டென்று ஆடியது.

"போதுமா? இல்ல, அடுத்து வர்றவர் மூக்கையும் காட்டவா, ஒப்பிட்டுப் பார்க்க?"

மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி. எப்ப வெட்டணும்?" என்றார் மூக்கண்ணன். அறுவை சிகிச்சை என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவதென்று தயாராக வந்திருந்தார்.

"யார் இப்ப வெட்டச் சொன்னா? முதல்ல அந்தச் சொட்டு மருந்தை நிறுத்துங்க, அதுவே மூக்கை அடைக்கும். ஏழு நாள் மாத்திரை. மூக்குல அடிக்கிற ஸ்ப்ரே மூணு மாசம். வலது கையால இடது மூக்கு, இடது கையால வலது மூக்கு. நடுச்சுவரைப் பார்த்து அடிச்சா ரத்தம் வரும். காதுப் பக்கமா சாய்ச்சு அடிங்க. மாத்திரைல வாசனை திரும்பினாலும் திரும்பும். ஆனா அது நிலைக்கும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

வெட்ட வேண்டாம் என்கிறாரே என்று மூக்கண்ணனுக்குப் புதுச் சந்தேகம் வந்தது. மாத்திரையோடு வந்த பொடியெழுத்துத் தாளை முழுதும் படித்தபிறகுதான் முதல் மாத்திரையை விழுங்கினார்.

ஐந்தாம் நாள், மூன்றாவது லாரி. பூட்டு மூடியைத் திறந்தார். மூக்கண்ணன் வழக்கம்போல மூடியை உயர்த்தி, அவர் கன்னத்தைப் பார்க்கப் போனார். அதற்குள் மூடியிலிருந்து வெங்காயம் வந்து முகத்தில் அறைந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அன்று நான்கு கேன்களில் குறி போட்டார். நான்கும் சரி. வீட்டுக்கு வந்ததும், "இந்தத் துண்டு ஏன் இப்படி நாறுது?" என்றார். மனைவி துண்டை வாங்கிப்போய் ஊறவைத்தாள்.

மாத்திரை முடிந்து இரண்டு வாரத்தில் வாடைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. முதலில் மண்ணெண்ணெய், பிறகு புளிப்பு, கடைசியாக வெங்காயம். ஆசை காட்டி ஆளைப் பிடிக்கிற வேலை இது என்று மருத்துவர் மேல் அவருக்குக் கோபம். வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று அவர் முதல்நாளே சொன்னது நினைவுக்கு வந்ததும், அதைச் சொல்லிவைத்ததே முன்னேற்பாடுதான் என்று தோன்றியது. அதே மாத்திரையை இன்னும் ஏழு நாளுக்குக் கேட்டார். மருந்துக்கடைக்காரர் சீட்டில்லாமல் தர மறுத்துவிட்டார். அவரையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் அவரை உலுக்கியது வேறு. வாசனை இருந்த நாட்களில் மைத்துனனின் கரண்டி அவருடைய கேன் பக்கம் வரவேயில்லை. வெங்காயம் மறைந்த மறுநாளே திரும்ப வந்தது.

மைத்துனன் குழாய்களைக் கழுவப் போயிருந்தபோது, ஆணியில் தொங்கிய வெள்ளைக் கோட்டிலிருந்து மூக்கண்ணன் நோட்டை உருவினார். தேதி, கேன் எண், பக்கத்தில் 'மாமா விட்டது', அதற்குப் பக்கத்தில் புளிப்பு அல்லது வெங்காயம். மொத்தம் நாற்பத்தொரு வரி. பூட்டின் கன்னமும் எல்லா நேரமும் கைகொடுக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தைத் திருப்பினார். 'மார்ச் 3 முதல் 8 வரை நான் இல்லை.' தன் மனைவியின் பிரசவத்துக்காக மைத்துனன் விடுப்பில் போன வாரம் அது.

மார்ச் ஆறாம் தேதிதான் ஒன்றாம் தொட்டியில் ஆறாயிரம் லிட்டர் பால் கெட்டுச் சாக்கடைக்குப் போனது. இறங்கிய பால் சுத்தம் என்று மூக்கண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தார். அதனால் குளிரூட்டும் இயந்திரத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று மெக்கானிக் மேல் பழி விழுந்தது. மெக்கானிக்கைச் சரக்கறைக்குத் தூக்கிப்போட்டார்கள்.

"படிச்சாச்சா மாமா?" கதவருகே மைத்துனன் ஈரக்கையோடு நின்றான்.

"இதை எப்ப மேலாளர்கிட்ட நீட்டலாம்னு இருந்த?"

"நீட்டறதா இருந்தா முதல் வரியிலயே நீட்டியிருப்பேன். இதுல இருக்கற நாப்பத்தொண்ணும் தொட்டிக்குப் போகாம நான் ஒதுக்கினது."

"அப்புறம் எதுக்கு எழுதின?"

மைத்துனன் கையைக் கோட்டில் துடைத்தான். "ஒருநாள் மாட்டினா, நான் சும்மா இருக்கலன்னு காட்டணும்ல. எனக்கும் குடும்பம் இருக்கு."

அந்தப் பதிலை மட்டும் மூக்கண்ணன் உடனே நம்பினார்.

"மெக்கானிக்குக்குத் தெரியுமா?"

"தெரியாது. அக்கா யார்கிட்டயும் சொல்லாதன்னா. உங்ககிட்ட நேராச் சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

மூக்கண்ணன் நோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மேலாளர் அறைக்கு எடுத்துப்போய் மேசைமேல் வைத்தார்.

"சார், பதினஞ்சு மாசமா எனக்கு வாசனை தெரியல. மார்ச் ஆறாம் தேதி கையெழுத்து நான் முகராமப் போட்டது. மெக்கானிக் மேல தப்பில்ல."

மேலாளர் நோட்டைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு நாள் எதை வச்சுப் பார்த்தீங்க?" என்றார்.

"பூட்டு மூஞ்சிய வச்சு."

மேலாளர் சிரிக்கவில்லை. அன்று மத்தியானமே மூக்கண்ணன் இரண்டாம் மேடையிலிருந்து இறக்கப்பட்டார். நோட்டின் நகல் ஒன்று, அவர் எழுதிக்கொடுத்த கடிதம் ஒன்று, இரண்டும் கோப்பில் சேர்ந்தன. மெக்கானிக் அந்த வாரமே பழைய வேலைக்குத் திரும்பினார். நடைபாதையில் எதிர்ப்பட்டபோது அவர் மூக்கண்ணனுடன் பேசவில்லை.

மூன்று மாதம் ஸ்ப்ரே அடித்தும் சதை சுருங்கவில்லை. மருத்துவர் ஸ்கேன் எடுத்தார். படத்தின் மூலையில் தன் பெயரும் வயதும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மூக்கண்ணன் அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தார். மயக்க ஊசிக்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மறுபடி வளராதுன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது," என்றார் மருத்துவர். "ஸ்ப்ரேயை விட்டா வளர வாய்ப்பு அதிகம். விடலன்னா குறைவு."

அக்டோபர் ஐந்தாம் தேதி குழாய் வழியாக இரு பக்கமும் சதையை அகற்றினார்கள். வெளியில் தையல் இல்லை. மறுநாள் வீடு திரும்பினார். ஆறு வாரம் உப்புநீரால் மூக்கைக் கழுவினார். மூச்சு சீரானது, குறட்டை தாங்காமல் வேறு அறைக்குப் போயிருந்த மனைவி பழைய அறைக்கே படுக்க வந்தாள்.

நவம்பர் இருபத்தொன்பதாம் தேதி நிலையத்தில் அவருக்குச் சோதனை வைத்தார்கள். கண்ணைக் கட்டி, பன்னிரண்டு குப்பிகளை ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டினார்கள். தேர்ச்சிக்குப் பத்து சரியாக இருக்க வேண்டும். அவர் எட்டு சரியாகச் சொன்னார். இரண்டாம் மேடைக்கு அவர் மைத்துனன் நியமிக்கப்பட்டான். மூக்கண்ணன் டிசம்பர் முதல் தேதியிலிருந்து எடைமேடையில் லாரிகளின் எடையைக் குறித்துக்கொள்ளும் வேலைக்கு மாற்றப்பட்டார்.