நோன்பு நாளில் ஒரு தோய்கோ

“அது பாட்டு.”

“பாட்டில்ல, தோய்கோ. பாடறதுக்கு நம்மகிட்ட ஒரு வார்த்தை, தோய்கோ போடறதுக்கு வேற—”

“ராகம் இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

“காத்துக்குக்கூடத்தான் ராகம் இருக்கு. அதுக்காக—”

“காத்து நோன்பு எடுத்துக்கலையே, கிழவா!”

லொதோயும் அவர் மனைவி துல்மாவும் ஆட்டுப்பட்டியின் நடுவில் நின்று இப்படிக் கத்திக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் நடுவே, முளையில் கட்டிய செம்மறி ஒன்று யாருக்கு வந்த விருந்தோ என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. தலையீத்து. காலையில் குட்டி போட்டது, மோந்து பார்த்தது, ஒரு உதை விட்டது. அவ்வளவுதான் அதன் தாய்மை. குட்டி இப்போது லொதோயின் அங்கிக்குள், மார்போடு கிடந்தது. தலை மட்டும் வெளியே தொங்கியது. புட்டிப் பாலை வாயில் வைத்தால் துப்புகிறது. தாய் மடியில் வைத்தால் தாய் உதைக்கிறது.

தாய் மனம் மாற வேண்டுமென்றால் குட்டியின் முதுகில் உப்புத்தண்ணீர் தடவி மூக்கருகே பிடித்துக்கொண்டு, “தோய்கோ தோய்கோ” என்று இழுத்து இழுத்துச் சொல்ல வேண்டும். அதில் துல்மாவை மிஞ்ச அந்தப் பள்ளத்தாக்கில் ஆளில்லை. ஆனால் இன்று பௌர்ணமி. விடிந்து உள்ளங்கை ரேகை கண்ணுக்குத் தெரியும் முன்பே மடத்து லாமாவின் கூடாரத்துக்குக் குதிரையில் போய், நாளைக் காலை ரேகை தெரியும்வரை காப்பேன் என்று எட்டு விரதமும் எடுத்து வந்திருந்தாள். பொய் கூடாது, சாராயம் கூடாது, உச்சிக்குப் பிறகு சாப்பாடு கூடாது, உயரக் கட்டில் கூடாது. ஆட்டமும் பாட்டும் கூடவே கூடாது.

“சாயங்காலம் வரைக்கும்கூட இது தாங்காது, துல்மா. காதைத் தொட்டுப் பாரு, சில்லுன்னு இருக்கு.”

“பக்கத்துக் கூடாரத்துல யாரையாவது கூப்பிடு.”

“பொம்பளைங்க எல்லாம் மடத்துலயே தங்கிட்டாங்க. நீ ஒருத்திதான் ஆடு ஈனும்னு வீட்டுக்குத் திரும்பி வந்தவ. ஒரே ஒரு தடவை போடு. எப்படியும் உன் நோன்பு முழுசா நிக்கறதில்லையே!”

“என்ன சொன்னே?”

“போன கோடையில பால்சாராயம் பதமாச்சான்னு விரலை விட்டு நக்கினே. அப்புறம் உன் அண்ணன் குதிரை இரவல் கேட்டு வந்தப்ப, கிழவன் வீட்ல இல்லைன்னே. நான் உள்ளே குறட்டை விட்டுக்கிட்டிருந்தேன். அவருக்கே கேட்டுது.”

“அந்தப் பொய் யாருக்காக? உன் குதிரைக்காகத்தானே!” துல்மாவின் குரல் இறங்கியது. “இந்த நாள் எனக்காக எடுத்தது இல்லய்யா. துங்கா ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. தலைப்பிரசவம். ஒரு பொத்தல் இல்லாத நாளா முடிச்சு அந்தப் புண்ணியத்தை அவளுக்குக் குடுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன். இதையும் கிழிச்சிட்டு அவ முகத்துல எப்படி முழிப்பேன்?”

மகளின் பெயரைக் கேட்டதும் லொதோயின் கண் கூடாரத்துப் பக்கம் போய்த் திரும்பியது. பெட்டி மேல் வைத்த கைபேசி காலையிலிருந்து ஒலிக்கவில்லை.

“சரி, நானே போடறேன்.”

“நீயா?”

“ஏன், எனக்கு வாயில்லையா?”

குட்டியை ஆட்டின் மூக்கருகே பிடித்துத் தொண்டையைச் செருமி, லொதோய் ஆரம்பித்தார். ஆடு முளையோடு பிய்த்துக்கொள்ளப் பார்த்தது. மந்தை மொத்தமும் மூலைக்கு ஓடி ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஊளையிட்டது.

“நிறுத்துய்யா! ஓநாய் வந்துடுச்சுன்னு நினைக்குதுங்க.”

“எங்க தப்பு?”

“தோய்-ல ஏறி நிக்கணும். கோ-ல மெல்ல வழுக்கிட்டு வரணும்.”

“எங்க வழுக்கணும்? காட்டு.”

“காட்டினா பாட்டாயிடும்!”

“அப்போ நான் எங்கேயோ வழுக்கி விழறேன், விடு!”

குட்டியின் கண் செருகியது. துல்மா பாய்ந்து அதைப் பிடுங்கி, உப்புத்தண்ணீரை அள்ளி முதுகில் தேய்த்தாள். பாடத் துடித்த வாய்க்கு வேறு வழி தெரியவில்லை, புருஷனைத் திட்டத் தொடங்கியது.

“ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையே, கிழ...வா. அடுப்புக்குழாயைக் கட்டத் தெரியலையே, கிழ...வா. இடம் மாறறப்ப அதை ஒட்டகத்து மேலேருந்து உருட்டி விட்டியே, கிழ...வா.”

ஆடு இழுப்பதை நிறுத்தியது.

லொதோய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஆட்டின் காது துல்மா பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

“துங்கா பொறந்த அன்னிக்கு எங்கே போனே, கிழ...வா. தொலைஞ்ச குதிரையைத் தேடிப் போனேன்னியே, கிழ...வா. பனியில தனியாக் கெடந்தேனே, கிழ...வா. நானே தொப்புள் அறுத்தேனே, கிழ...வா...”

குரல் ஏறி நின்றது, வழுக்கி இறங்கியது. திட்டு எப்போது தீர்ந்தது, ‘கிழவா’ மட்டும் எப்போது மிச்சமாயிற்று என்று துல்மாவே கவனிக்கவில்லை. அவள் கன்னம் நனைந்திருந்தது. ஆடு கழுத்தை நீட்டி உப்பு முதுகை ஒரு நக்கு நக்கியது. யோசித்தது. இன்னொரு நக்கு. பிறகு அடிவயிற்றிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் கொடுத்தது. அது தன் குட்டியை மட்டும் கூப்பிடும் சத்தம்.

குட்டி நான்கு காலில் தள்ளாடி, முட்டி மோதி, மடியைக் கண்டுபிடித்தது. வால் படபடவென்று ஆடியது.

துல்மா அங்கியின் கை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். லொதோயும் அவள் பக்கத்தில் வந்து குந்தினார். பிறகு அவர் மீசைக்குள் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“இன்னிக்கு நீ பொய் சொல்லக்கூடாது, ஞாபகம் இருக்கில்ல? இப்போ சொல்லு துல்மா, என்னைத் திட்டினியா, பாடினியா?”