வடக்குச் சரிவில் பைன் கன்றுகள்

வனத்துறையிலிருந்து ஓய்வு பெறும் முன் கடைசிக் கணக்கெடுப்புக்குப் போகும்போது அவள் கணவரையும் கூட்டிக்கொண்டு போனாள். அவரும் அதே துறையில் ஜீப் ஓட்டியவர்தான். முட்டி எவ்வளவு தகராறு செய்தாலும், காடு என்றால் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார்.

காட்டுத்தீ அந்த மலையைத் தின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. விழுந்த விதையிலிருந்து பைன் மரம் தானாக முளைக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை.

வெயில் காயும் தெற்குச் சரிவில் இருவரும் நடந்தார்கள். மண் பொடியாகப் பறந்தது.

"நாம முதல்ல பாத்துக்கிட்டது இங்கதானே," என்றார் அவர். "கன்னுமேல கால் வச்சுட்டேன்னு என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்ட."

"பின்ன, கொஞ்சுவாங்களா?"

அப்போதும் ஒரு தீ அடங்கியிருந்த சமயம்தான். ஆனால் மழை சொன்ன நேரத்துக்கு வந்தது. கன்றுகள் புல்லைப் போல நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சட்டையில் ஏறிய பிசின் வாசனை லேசில் போகாது. திட்டு வாங்கிய டிரைவர் மறுநாளிலிருந்து நுனிக்காலில் நடந்ததைப் பார்த்துத்தான் அவள் மனசு இளகியது.

"இப்ப எங்க வேணா கால் வைக்கலாம் போல," என்றார். அவர் சிரிக்கவில்லை.

அவள் குனிந்தாள். விதை முளைத்துத்தான் இருந்தது. வேர் இறங்குவதற்குள் கோடை முந்திக்கொண்டதில், முளைகள் நூல் நூலாகக் காய்ந்து கிடந்தன.

வடக்குச் சரிவில் கரிந்து விழுந்த மரங்களின் நிழலில் மட்டும் ஈரம் இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக விரல் உயரத்துக்குக் கன்றுகள். அவர் முட்டியை மறந்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பொழச்சுக்கும்ல?"

"இந்த நிழல் இருந்தா பொழச்சுக்கும்."

அங்கிருந்தே ரேஞ்சருக்குப் போன் போட்டாள்.

"விழுந்த மரத்தை எல்லாம் லாரில ஏத்தலாம்னு இருந்தோமே, மேடம்."

"வடக்குப் பக்கம் மட்டும் தொடாதீங்க, சார். கன்னு அதோட நிழல்லதான் நிக்குது."

"சரிங்க, விட்டுடறோம். தெற்குப் பக்கம் எப்படி?"

அவள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். "அங்க இனிமே பைன் வராதுங்க. புதர்தான் வரும். வர்றது வரட்டும்."

போனை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்போ எப்படி இருந்துச்சு, இல்ல?" என்றார்.

"இருந்துச்சு," என்றாள்.

பிறகு ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, அந்த வெயில் சரிவு வழியாகவே ஜீப்புக்குத் திரும்பினார்கள். வேறு பாதை இல்லை.