கிழக்குப் பக்கம் போன வெளிச்சம்

கே.ஜி.கண்டிகை வாலிபால் குழுவின் கேப்டன் டில்லிபாபு. ஆடுகளத்துக்குக் கரண்ட் வந்தது அதையொட்டியிருந்த அவன் அத்தை அன்னம்மாளின் வீட்டிலிருந்து. சாயங்காலம் ஹாலஜன் விளக்குகளைப் போட்டால் போதும், அவர் வீட்டு ஃபேன் சோம்பிச் சுற்றும், டிவி படம் சுருங்கும். ஒருநாள் சீரியலில் தாலி கட்டும் நேரத்தில் ஃபியூஸே போய்விட்டது. அன்னம்மாள் வயரைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டார்.

டில்லிபாபு சென்னைக்குப் போய் எல்.இ.டி. விளக்குகள் வாங்கி வந்தான். 2009ஆம் வருடம் அது. ஊரில் யாரும் அதைப் பார்த்ததில்லை.

"அத்தே, இது கரண்டே இழுக்காது. உன் டிவி கண்ணுகூட சிமிட்டாது."

"பொய் சொன்னே, கம்பத்தையே புடுங்கிப் போட்டுடுவேன்."

பொய் இல்லை. நெட்டின் இருபுறமும் இருந்த கம்பங்களில் விளக்குகள் பளீரென்று எரிந்தன. உள்ளே டிவியில் கதாநாயகி தடையின்றி அழுதாள்.

அந்தப் பெருமையில் பொதட்டூர்பேட்டைக் குழுவை ஆட்டத்துக்கு அழைத்தான். போன வருடம் அவர்களிடம் வாங்கிய அடி இன்னும் ஆறவில்லை. ஆட்டத்தன்று மதியம் ஏணி போட்டு ஏறி, இரண்டு விளக்கையும் கிழக்குப் பக்கமாகத் தாழ்த்தித் திருப்பினான். அங்கே நிற்பவன் நெட்டைப் பார்த்தால் வெளிச்சம் நேரே கண்ணில் குத்தும்.

"இது நல்லதாடா?" என்று கீழே ஏணியைப் பிடித்திருந்த வேணு கேட்டான். அவன்தான் குழுவின் ஸ்மாஷர்.

"நீ அடி. மத்தத நான் பாத்துக்கறேன்."

விருந்தாளிகளுக்கு மரியாதை என்று சொல்லிக் கிழக்குப் பக்கத்தைக் கொடுத்தான். பாவம், அவர்கள் பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தடவினார்கள். ஒருவன் ஈசலைப் பந்தென்று நினைத்துத் துள்ளிக் குதித்தான். முதல் செட் கண்டிகைக்கு.

நடுவர் ராஜவேலு விசில் ஊதிக் கையைச் சுழற்றினார்.

"சைடு மாத்துங்க."

இத்தனை வருடம் ஆடிய டில்லிபாபு, இதை மட்டும் மறந்திருந்தான்.

"எங்களுக்கு இங்கியே பழகிப்போச்சு சார். இருந்துக்கறோமே?"

"விளையாட்டுக்கு வந்தியா, வாடகைக்கு வந்தியா?"

கிழக்கே போனார்கள். வேணு எகிறி அடித்தான். பந்து போன பிறகு. அடுத்த பந்து டில்லிபாபுவின் மூக்கில் இறங்கியது. தாங்க முடியாமல் அன்னம்மாளின் ஜன்னலுக்கு ஓடினான்.

"அத்தே, ஃபியூஸைப் புடுங்கு. ஓவரா கரண்ட் இழுக்குது."

"எங்கடா இழுக்குது? ஃபேன் ஜோரா சுத்திகினு கீது. போய் ஆடு."

இரண்டாவது செட் போனது. பொதட்டூர்பேட்டைக் கேப்டன் கண்ணையன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"பாபு, ஏணி எங்க வெச்சுகினு கீறே?"

டில்லிபாபு தலை குனிந்தபடி சுவரோரம் கைகாட்டினான். கண்ணையனே ஏறி, வெளிச்சம் இருபக்கமும் சமமாக விழும்படி விளக்குகளை நிமிர்த்தினான். கடைசி செட்டில் பந்து எல்லோருக்கும் தெரிந்தது. வேணு பேய் மாதிரி ஆடினான். ஒவ்வொரு பாயிண்டுக்கும் இரண்டு ஊரும் கத்தின. இருந்தும் கண்டிகை நூலிழையில் தோற்றது.

புறப்படும்போது கண்ணையன் டில்லிபாபுவின் தோளில் கை போட்டான்.

"லைட்டு சூப்பரு. எங்க கிரவுண்டுக்கும் ரெண்டு வாங்கித் தா."

"ஆங், தர்றேண்ணா. நானே வந்து மாட்டியும் தர்றேன்."

"வாங்கி மட்டும் தா," என்றான் கண்ணையன். "மாட்டறத நாங்க பாத்துக்கறோம்."